குளங்களின் மீட்பும் மக்களின் உடல்நலமும்: வரண்ட வலய வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

இலங்கையின் வரண்ட வலயத்து வரலாற்றை ஆராய்ந்தோர் பலர் குளங்களை நெல்லுற்பத்தியின் அடிப்படையாகவும் அரச அதிகாரத்தின் சின்னங்களாகவுமே நோக்கியுள்ளனர். அக்குளத்து நீரையே பருகி, அதிலேயே நீராடி, அதன் கரையிலேயே நோயுற்று மடிந்த மக்களின் உடல்நலம் அவ்வாய்வுகளிற் பெறும் இடம் மிகச் சிறிது. குளம் உடைதலும் நோய் பரவுதலும், குளம் திருத்தப்படுதலும் நோய் தணிதலும் தம்முள் எத்தகைய தொடர்புடையன என்னும் வினாவை இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகின்றோம். சிதைந்த குளத்தொகுதிகளை மீட்கும் முயற்சிகள் மீண்டும் முனைப்புப் பெற்றுள்ள இக்காலத்தில் இது பழமை பற்றிய வினா மட்டும் அன்று.

இவ்வினாவுக்கு எளிய விடையொன்றை 1921 ஆம் ஆண்டில் லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் வைத்திய அறிஞர் முன்வைத்தார். பண்டைய இராசரட்டையின் நகரங்கள் பாழடைந்தமைக்கு மலேரியாவே காரணம் என்பது அவர் கருத்து. பின்வந்த ஆய்வாளர்கள் படையெடுப்பு, நிருவாகச் சிதைவு முதலியவற்றையும் சேர்த்து நோக்கினர். பராமரிப்பற்ற குளம் நுளம்புக்கு இடமளித்தது. காய்ச்சலால் நலிந்த மக்கள் குளத்தைப் பராமரிக்கும் வலுவை இழந்தனர். காரணமும் விளைவும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தன என்று கொள்வதே பொருத்தமாகும்.

இவ்விடத்து இந்நாட்டில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பாகிய அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்னும் இனத்தின் இயல்பை அறிதல் அவசியம். வெயில் படும் தெளிந்த தேங்குநீரையே அது பெரிதும் நாடும். வற்றும் ஆற்றுப் படுக்கையில் எஞ்சும் சிறு குட்டைகளும், மண் அகழ்ந்த குழிகளும், அணைக்குக் கீழே கசிந்து தேங்கும் நீரும் அதற்கு உகந்தவை. நிறைந்து அலையடிக்கும் பெருங்குளத்தின் நடுப்பரப்பு அதற்கு ஏற்றதன்று. ஆகவே நீர் உள்ளதா இல்லையா என்பதைவிட, நீர் எவ்வாறு பேணப்படுகின்றது என்பதே நோயின் வரலாற்றில் முக்கியமாகின்றது.

பேணுதல் என்பது மனித உழைப்பைக் குறிப்பதாகும். அவ்வுழைப்பு எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது என்பது சமூக உறவுகள் பற்றிய வினா. 1832 இல் கோல்புறூக் விசாரணையின் பயனாக இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. மக்களைக் கட்டாய ஊழியத்திலிருந்து விடுவித்த வகையில் அது முற்போக்கான நடவடிக்கையே. ஆனால் கூட்டாகக் குளத்தைப் பேணுவதற்கு வேறொரு ஏற்பாட்டை ஆங்கில அரசு உடனே செய்யவில்லை. பழைய கட்டு அறுந்தது. புதிய கட்டு உருவாகவில்லை. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் மூலமே கிராம வழமைகளுக்கு மீண்டும் சட்ட வலு அளிக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னரும் வன்னி, நுவரகலாவிய ஆகிய பகுதிகளின் கிராமங்களை வாட்டிய நோய்களுள் பறங்கி நோய் குறிப்பிடத்தக்கது. உடலெங்கும் புண்களையும், முற்றிய நிலையில் எலும்புச் சிதைவையும் உண்டாக்கிய இந்நோய் 19 ஆம் நூற்றாண்டின் அரச அறிக்கைகளில் அடிக்கடி பேசப்படுகின்றது. 1881 இல் வைத்தியர் கின்சி இதுபற்றித் தனி அறிக்கையே எழுதினார். 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கைந்நூலும் அப்பகுதி மக்களின் நலிவை விரிவாகப் பதிவு செய்கின்றது. கெட்ட நீரும் போதிய உணவின்மையுமே நோயின் மூலம் என அன்றைய அதிகாரிகள் பலர் நம்பினர். 1873 இல் வட மத்திய மாகாணத்தை அமைத்த தேசாதிபதி கிறகரியின் காலத்திற் கிராமக் குளங்களின் திருத்தம் முனைப்புப் பெற்றது. மண்வேலையைக் கிராமத்தவர் செய்ய, துருசை அரசு வழங்கியது.

பறங்கி நோய் நீரால் வருவதன்று. தோலுக்குத் தோல் தொற்றும் நுண்ணுயிராலேயே வருவது என்பதைப் பிற்கால விஞ்ஞானம் தெளிவாக்கியது. அதனை முறியடித்தவை ஆசனிக் கலந்த மருந்துகளும் பின்னர் பெனிசிலினுமே. ஆயினும் அதிகாரிகள் முற்றாகத் தவறினர் எனல் பொருந்தாது. நெருக்கடியான குடிசைகளிலே, குளிக்கவும் கழுவவும் நீரின்றி, பட்டினியோடு வாழ்ந்த மக்களிடையேதான் அத்தொற்று வேரூன்றியது. அவர்கள் கூறிய காரணம் பிழையாயினும், வறுமையோடு நோயை இணைத்துக் கண்டமை பிழையன்று.

நீரும் வறுமையும் நோயும் இணைந்த கொடுமையை இந்நாடு மிக வெளிப்படையாகக் கண்டது 1934-35 ஆம் ஆண்டுகளிலேயாகும். தென்மேற்குப் பருவமழை பொய்த்தமையால் ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டைகளாயின. கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டங்களில் மலேரியா கொள்ளை நோயாய்ப் பரவியது. இறந்தோர் தொகை சுமார் 80,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆண்டாண்டாகக் காய்ச்சலுக்கு உட்பட்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த வரண்ட வலயத்தைவிட, அதற்குப் பழக்கப்படாத பகுதிகளே கூடிய அழிவைச் சந்தித்தன. உலகப் பொருளாதார நெருக்கடியால் வேலையும் உணவும் இழந்திருந்த ஏழைகளே பெருந்தொகையாக மடிந்தனர். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இடதுசாரி இளைஞர்கள் மருந்துடன் உணவையும் கொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருட் பலர் அப்பணியில் ஈடுபட்டவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. பசித்த உடலுக்குக் கொயினா மட்டும் போதாது என்பதை அவர்கள் நேரிற் கண்டிருந்தனர்.

1946 இல் டீ.டீ.ரி. தெளிப்பு நாடளாவிய முறையில் தொடங்கியது. ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியில் மருந்துத் தெளிப்பின் பங்கு எவ்வளவு, உணவு விநியோகம், வைத்தியசாலைகள் என்பவற்றின் பங்கு எவ்வளவு என்பது குடித்தொகை ஆய்வாளரிடையே நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. தெளிப்பின் துணையின்றி வரண்ட வலயக் குடியேற்றத் திட்டங்கள் அவ்வளவு விரைவில் விரிந்திரா என்பதில் ஐயமில்லை. எனினும் 1963 இல் 17 பேராகக் குறைந்த நோயாளர் தொகை, 1969 இல் ஐந்து இலட்சத்தைக் கடந்தது. தெளிப்பு நிறுத்தப்பட்டமை, மழைக்குறைவு, மக்களின் இடப்பெயர்ச்சி, இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளில் தேங்கிய நீர் ஆகியன ஒன்றுசேர்ந்தே இந்நிலையை உண்டாக்கின. நஞ்சு நுளம்பைக் கொன்றது. நுளம்பு பெருகும் நிலத்தை அது மாற்றவில்லை.

1990 களில் அநுராதபுர மாவட்டத்து யான் ஓயாவில் நடைபெற்ற ஆய்வுகள் இவ்வகையிற் சிறப்பானவை. மேலுள்ள நீர்த்தேக்கத்திலிருந்து உரிய வேளையில் நீரைத் திறந்துவிட்டால், ஆற்றுக் குட்டைகள் நிறைந்தோடி நுளம்பின் குடம்பிகள் குறையும் என அவை காட்டின. நீர்ப்பாசனப் பொறியியலாளரும் சுகாதார அதிகாரியும் ஒரே மதகைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதே இதன் பொருள். உள்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 அக்டோபரில் இனங்காணப்பட்டார். 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. நீண்ட காலக் கண்காணிப்பினதும், ஊர்தோறும் இரத்தப் பரிசோதனை செய்த ஊழியரினதும் வெற்றி அது.

இன்று அதே வட மத்திய மாகாணத்தில் வேறொரு துயரம் நிலவுகின்றது. 1990 கள் முதல் கமக்காரரிடையே பரவிவரும், காரணம் துணியப்படாத சிறுநீரக நோயையே குறிப்பிடுகின்றோம். நிலத்தடி நீரின் வன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல கருதுகோள்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. குளத்தொகுதிகளை மீட்டால் இந்நோய் நீங்கும் என்று கூறுவோரும் உளர். ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்தைச் சேரும் தொடரமைப்பை 1985 இல் பேராசிரியர் மத்தும பண்டார விளக்கிக் காட்டினார். குளத்தின் மேற்புறத்து மரச்செறிவும், வண்டலை வடிக்கும் புற்பரப்பும், அணைக்குக் கீழே உப்பை ஈர்க்கும் கட்டக்காடுவ என்னும் சிறுகாடும் அவ்வமைப்பின் உறுப்புகள். இவற்றை அழித்து அணையை மட்டும் உயர்த்துவது திருத்தமாகாது.

ஆயினும் பறங்கி நோயின் வரலாறு நம்மை எச்சரிக்கின்றது. குளத்தை மருந்தாகக் கொண்டு நோயாராய்ச்சியைக் கைவிடுதல் தவறு. காரணம் முற்றாகத் தெளியும்வரை நல்ல குடிநீரை மறுத்துக் காத்திருத்தல் அதனினும் பெருந்தவறு. சிதைந்த நிலத்தை மீட்பவர்கள் அங்கு உழைப்போரின் உணவையும் குடிநீரையும் வைத்திய வசதியையும் அம்மீட்பின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும். அணையின் நீளமும் நீரின் கொள்ளளவும் கணக்கேடுகளில் உள்ளன. அக்கரையில் வாழும் மக்களின் உடல்நிலையும் அதே ஏட்டிற் பதியப்படும் நாளிலேயே குளத்தின் மீட்பு நிறைவுபெறும் எனலாம்.