காயல் கரையிறங்கிய குதிரைகளும் வயிற்றுவாரும்

காயல்பட்டினத்தின் பழம்பெருமையைப் பேசுவோர் அரபுக் குதிரைகளைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. அக்குதிரைகள் கரையிறங்கிய பின் என்னவாயின என்பதை மட்டும் நாம் அரிதாகவே கேட்கிறோம்.

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியருக்குக் குதிரை அனுப்பியவர்களுள் தலையாயவர், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட பெருவணிகர் ஜமாலுத்தீன். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சர். காயல் துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பாடு இருந்ததாகவும், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியர் விலை கொடுத்தார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார்.

ஆண்டுதோறும் இத்தனை குதிரைகள் ஏன் தேவைப்பட்டன? வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தன என்கிறார் மார்க்கோ போலோ. வெப்பமும் பொருந்தாத தீனியும் காரணங்களாயின. வஸ்ஸாஃப் கூறுவது இன்னும் கடுமையானது: நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பின் பழக்காமலே ஏறி விரட்டினார்களாம்.

குதிரையைப் பழக்குவது ஓட்டத்தில் தொடங்குவதன்று. சேணத்தை அதன் உடலோடு பிணைக்கும் வயிற்றுவாரை இறுக்கும் கணத்திலேயே தொடங்குகிறது. ஒரே இழுப்பில் இறுக்கினால் குதிரை மூச்சடக்கி நெஞ்சை உப்பும், காதுகளைப் பின்னுக்கு மடிக்கும், கடிக்கவும் திரும்பும். அதை முரட்டுத்தனம் என்று அடிப்பவர் பலர். உண்மையில் அது வலியின் நினைவு. முன்னங்காலுக்குப் பின்னே தோல் மடிந்து வாரில் சிக்கியிருக்கலாம். பழைய புண் இருக்கலாம். இரைப்பையே புண்ணாகியிருக்கவும் கூடும். ஆதலால் அறிந்தவர் முதலில் உடலையும் வாரையும் தடவிப் பார்ப்பார். சேணம் நழுவாத அளவுக்கு மட்டும் வாரைப் பூட்டி, கழுத்தில் கைவைத்துக் காத்திருப்பார். குதிரை மூச்சை விட்டதும் ஒரு துளை இறுக்குவார். நாலடி நடத்திவிட்டு மறுதுளை. முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னே நீட்டி, மடிந்த தோலை விடுவிப்பார். ஏறுமுன் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பார். நாள் தவறாமல் இவ்வாறு செய்துவந்தால், வாரைக் கண்டதும் வரும் அச்சம் மெல்லத் தணியும்.

குதிரையைப் பேணும் கல்விக்கு அன்றைய முஸ்லிம் உலகில் பஞ்சமில்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே அப்பாசியர் ஆட்சியில் இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றம், குதிரை மருத்துவம் இரண்டையும் பற்றி நூல் இயற்றினார். (வயிற்றுவாருக்கு அரபியில் ஹிஸாம் என்றே பெயர், அவருடைய பெரிய தந்தையோ சிறிய தந்தையோ அப்பெயர் பூண்டிருந்தார் என்பது இனிய தற்செயல்.) மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் லாயத்தில் பணியாற்றிய அபூபக்ர் இப்னு பத்ர், 14ஆம் நூற்றாண்டில் அக்கல்வியை விரிவாகத் தொகுத்தார். இவர்களுக்கெல்லாம் முன்னே, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டதாக ஹதீஸ் நூல் பதிவு செய்துள்ளது.

இருந்த கல்வி ஏன் கடல் கடக்கவில்லை? குதிரை மருத்துவர் எவரும் பாண்டிய நாட்டுக்குச் செல்லாதவாறு வணிகர்களே தடுத்தனர், குதிரைகள் சாகச்சாக விற்பனை பெருகும் என்பதால், என்று போலோ குற்றம் சாட்டுகிறார். வெனிஸ் வணிகரான அவர், போட்டியாளர்களைப் பற்றிக் கேட்ட புறங்கூற்றை அப்படியே எழுதியிருக்கலாம். ஆனால் இறந்த குதிரைக்கும் விலை கிடைத்த ஒரு வணிகத்தில், அக்குற்றச்சாட்டை முற்றிலும் பொய்யென்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.