தெஹியோவிட்டையும் சிறு தட்டும்

கொழும்பு மாநகரின் கொள்ளுப்பிட்டி, கறுவாத்தோட்டம் ஆகிய பகுதிகளில் அண்மைக் காலத்தில் புதுவகை உணவுச்சாலைகள் சில தோன்றியுள்ளன. ஆளுக்கொரு பெருந்தட்டு என்னும் முறை அங்கே இல்லை. கைப்பிடியளவு உணவு சிறு சிறு தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேசையைச் சூழ்ந்திருப்போர் அவற்றைப் பகிர்ந்துண்பர். ஸ்பானிய நாட்டின் தப்பாஸ், சீனரின் டிம் சம் முதலியவற்றை இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவர். அது தவறன்று. ஆனால், இலங்கையின் சாதாரணத் தேநீர்க்கடையில் பன்னெடுநாளாக நிலவிவரும் ஒரு வழக்கத்தை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

தேநீர் பருகவென்று கடையினுள் ஒருவர் சென்று அமர்ந்தால், அவர் கேளாமலே ஒரு தட்டு மேசைக்கு வந்துசேரும். வடை, கட்லட், ரோல்ஸ், பட்டிஸ், மீன் பணிஸ் ஆகியன அதில் அடுக்கப்பட்டிருக்கும். விரும்பியதை எடுத்துண்ணலாம், எழும்போது எத்தனை உண்டோம் என்று சொல்லி, அவற்றிற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். எஞ்சியவை அடுத்த மேசைக்குச் செல்லும். 'சோட் ஈட்ஸ்' என்று மூவினத்தாரும் வழங்கும் இச்சிற்றுண்டித் தட்டு, உண்பவனின் சொல்லை நம்பி நடைபெறும் வாணிகமாகும். கடையின் பெயர்ப்பலகையில் 'ஹோட்டல்' என்றிருக்கும். ஆயின், தங்குவதற்கு ஓர் அறையும் இராது. நம் நாட்டில் அச்சொல்லின் பொருள் அவ்வாறு திரிந்துவிட்டது.

தட்டிலுள்ள பண்டங்களும் பல தேசத்தவை. பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் தந்தது. கட்லட் என்பது பிரெஞ்சு மொழியில் விலாவெலும்போடு கூடிய இறைச்சித் துண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆங்கிலத்தின் வழியாக நம்மை அடைந்தது. நமது கட்லட்டில் எலும்பும் இல்லை, பெரும்பாலும் இறைச்சியும் இல்லை. உருளைக்கிழங்கும் டின்மீனுமே உள்ளன. வடையோ தமிழகத்திலிருந்து வந்தவர்களோடு வந்தது. இவற்றோடு ரொட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ரொட்டியின் வரலாற்றை அறிய விழைவோர் கொழும்பை விட்டு, களனி கங்கையின் திசையில் சற்று மேலே செல்லுதல் வேண்டும்.

அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்கும் அப்பால் அட்டனுக்கும் செல்லும் பெருவீதியில், கேகாலை மாவட்டத்துள் அமைந்திருப்பது தெஹியோவிட்ட. சிங்களத்தில் 'தெஹி' என்பது தேசிக்காய்; 'ஓவிட்ட' என்பது வயலை அடுத்த தாழ்நிலம். பெயரிலேயே புளிப்புச் சுவை கொண்ட இவ்வூரைச் சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த நாற்றுகள் கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மரம் களனிப் பள்ளத்தாக்கெங்கும் பரவியது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியே வந்த மக்கள் இங்கும் லயங்களில் குடியேறினர். மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளரைப் பற்றிப் பேசுவோர் பலர். தாழ்நாட்டு இறப்பர்த் தொழிலாளரை நினைப்போர் சிலரே.

இறப்பர்த் தொழில் விடியலின் தொழில். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே இருள் பிரியுமுன்னரே லயத்துக் காம்பிராவில் அடுப்பு மூட்டப்படும். கோதுமை மாவோடு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி, இரும்புக்கல்லில் சுட்ட ரொட்டி. அம்மியில் அரைத்த மிளகாய்ச் சம்பல். பாலில்லாத சாயத் தண்ணீர். சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டியில் ஒரு கடி. சப்பிரகமுவையில் கித்துள் மரத்துக்குக் குறைவில்லை; அயலிலுள்ள கித்துல்கல என்ற ஊர் அம்மரத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இந்த ரொட்டியை ஒரு கையில் பிடித்து, நின்றவாறே உண்ணலாம். துணியில் முடிந்து மரத்தடிக்கும் கொண்டு செல்லலாம். மேசை என்ற ஒன்று அக்காம்பிராவுக்குள் இடம்பெற வழியே இல்லை.

மழை பெய்தால் பால் வெட்ட இயலாது. தென்மேற்குப் பருவக்காற்றின் முழு மழையையும் பெறும் பிரதேசம் இது. வேலையில்லாத நாளில் பேர் விழாது. பேர் விழாவிடில் சம்பளமில்லை. தேயிலைக்கு உயிரளிக்கும் மழையே இறப்பர்த் தொழிலாளியின் அடுப்பை அணைத்துவிடும். அத்தகைய நாள்களில் ரொட்டியின் கனமும் எண்ணிக்கையும் குறையும். சிறு தட்டு என்பது அங்கே கலையன்று, கணக்கு.

இம்மக்கள் என்றுமே ரொட்டி உண்டவர்கள் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுடைய உணவு சோறுதான். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்ட நிருவாகமே அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அந்த ஒழுங்கை 1942ஆம் ஆண்டு குலைத்தது. சிங்கப்பூர் பெப்ரவரியிலும் இரங்கூன் மார்ச்சிலும் யப்பானியர் கைப்பட்டன. பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறையின் கீழ் கோதுமை மாவும் பாணும் வீடுதோறும் நுழைந்தன. அதே வேளையில், மலாயாவை இழந்த நேசநாடுகளுக்கு இலங்கையின் இறப்பரே பேராதாரமாயிற்று. மரங்களின் ஆயுளைப் பொருட்படுத்தாது அளவுமீறிப் பால் வெட்டினர். அவ்வாண்டிலேயே அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் இடையே ஓடிய குறும்பாதைப் புகையிரதமும் நிறுத்தப்பட்டது. இறப்பரை மிகுதியாகக் கேட்ட காலம், அதைத் தந்தவர்களின் சோற்றைப் பறித்த காலமாகவும் இருந்தது.

பின்னர் 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை நாம் கொடுக்க, 270,000 தொன் அரிசியை அவர்கள் தருவதென்பது ஏற்பாடு. முப்பது ஆண்டுகள் இவ்வுடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டு வந்தது. தெஹியோவிட்டை மரத்தில் சிரட்டை நிறைய வடிந்த பால், நாட்டினர் இலையில் சோறாகி மீண்டது எனக் கூறின் மிகையாகாது. ஆயின், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அப்பாலை வெட்டியவருள் பெரும்பாலோர் அக்காலம் நாடற்றவராய் இருந்தனர் என்பதையும் உடன்கூறுதல் வேண்டும். வரலாற்று நூல்கள் உடன்படிக்கையை ஓர் அத்தியாயத்திலும் இதனை வேறோர் அத்தியாயத்திலும் வைத்துவிடுகின்றன.

1973–74ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது, அரிசிப் பங்கீடும் மாவும் குறைக்கப்பட்டன. சொந்தமாக வயலோ தோட்டக்காணியோ இல்லாத லயத்து மக்களையே அப்பஞ்சம் கடுமையாகத் தாக்கியது. 1974இல் தோட்டப்பகுதிகளின் இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. அக்காலத்திலும் அதன் பின்னரும் தோட்டத்து இளைஞர் பலர் பஸ் ஏறிக் கொழும்பு சென்றனர். புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சைவக்கடைகளும் சாப்பாட்டுக்கடைகளும் அவர்களுக்கு முதலில் அளித்த வேலை பாத்திரம் கழுவுதல். அதன்பின் மேசை துடைத்தல். கைவாகு வாய்த்தால், மாப்பிசைதல். தாய் ஒரு கையால் தட்டிய ரொட்டியை மகன் இரு கையாலும் வீசி விரித்தான். கிழக்கிலங்கையில் தோன்றியதெனப் பலரும் கூறும் கொத்துரொட்டி கொழும்புத் தெருக்களில் பரவியபோது, இரும்புத்தகடு இரண்டைக் கையிலேந்தி இராமுழுதும் தாளமிட்டு நின்றவர்களுள் அவர்களும் இருந்தனர். 1983 ஜூலையில் நகரின் தமிழர் உணவுச்சாலைகள் பல எரிக்கப்பட்டபோது, முதலாளியின் இழப்புப் பேசப்பட்டது. கடையின் பின்புறத்தில் படுத்துறங்கிய பையன்கள் எங்கே போனார்கள் என்பதைக் கேட்டவர் அதிகமில்லை. சிலர் தோட்டத்துக்கே மீண்டனர். ஆறு ஆண்டுகளுக்கு முன், 1977இல், தோட்டங்களும் தாக்கப்பட்டிருந்தன.

இப்போது தெஹியோவிட்டைக் கடைவீதியில் உள்ள கண்ணாடிப் பெட்டிகளிலும் ரோல்சும் கட்லட்டும் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவை புதுமையல்ல. லயத்தில் மட்டும் காலை உணவு இன்னமும் பெரும்பாலும் ரொட்டியே. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, நகரத்தார் பாணின் விலையைப் பற்றி முறையிட்டனர். தோட்டத்தில் ரொட்டி சிறுத்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான், நெடுநாட் போராட்டத்தின் பின், தேயிலை, இறப்பர்த் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிருணயிக்கப்பட்டிருந்தது. கொள்ளுப்பிட்டி உணவுச்சாலைகளில் ஒரு சிறு தட்டின் விலை அதற்கும் மேற்படுவதுண்டு. அத்தட்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய தேங்காய் ரொட்டிகள் மூன்றும், அவற்றின் மேல் ஒரு துளி மிளகாய்ச் சம்பலும் வைத்து, தேசிக்காய்த் துண்டொன்றை ஓரத்தில் சாய்த்துக் கொண்டுவருவார்கள்.