ஆறு பைட்டுக்குள் எட்டு கேலக்ஸி

ஆர்.கே.பேட்டையில இருந்து பேசுறேன். பின்னாடி டக் டக்னு ஒரு சத்தம் கேட்டா அது மைக் பிரச்சினை இல்ல, பக்கத்துத் தெருவுல ஓடுற தறி. எடிட்ல அதை எடுக்கல. ஏன்னா இன்னிக்குக் கதையில தறிக்கும் ஒரு வேலை இருக்கு.

இன்னிக்கு நாம பேசப்போறது 'எலைட்'. 1984 செப்டம்பர்ல பிபிசி மைக்ரோங்கிற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த கேம். எழுதினவங்க டேவிட் பிராபென், இயன் பெல். ரெண்டு பேருமே கேம்பிரிட்ஜ் மாணவர்கள், வயசு 20, 21 தான்.

கையில 100 கிரெடிட், ஒரு சின்ன விண்கலம். லேவ் கிரகத்துல ஆரம்பிக்கணும். இங்க சாப்பாட்டுப் பொருள் மலிவா வாங்கி, தொழிற்சாலை கிரகத்துல விக்கலாம். ஜவுளி வியாபாரமும் உண்டு! கொள்ளைக்காரன் வந்தா சண்டை. நீங்களே கொள்ளைக்காரன் ஆனா போலீஸ் துரத்தும். எல்லாத்தையும் விட கஷ்டம், ஸ்டேஷன்ல கலத்தை நிறுத்துறது. ஸ்டேஷன் சுத்திக்கிட்டே இருக்கும். அதே வேகத்துல நீங்களும் சுத்தி, ஒரு குறுகலான வாசல் வழியா உள்ள போகணும். காலேஜ் ஹாஸ்டல்ல எமுலேட்டர் போட்டு நான் செத்த கணக்குல பாதி அந்த வாசல்லதான். முதல் தடவை உள்ள போனப்ப பக்கத்து ரூம் பசங்க எழுந்து வர்ற அளவுக்குக் கத்தினேன்.

அந்தக் காலத்து கேம்ல மூணு லைஃப், ஒரு ஸ்கோர், பத்து நிமிஷத்துல ஆட்டம் முடியும். இதுல ஸ்கோரும் இல்ல, முடிவும் இல்ல. அதனாலேயே தோர்ன் இஎம்ஐ நிறுவனம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. அப்புறம் அக்கார்ன்சாஃப்ட் வெளியிட்டது.

இப்ப இன்ஜினியரிங் பக்கம் வருவோம். பிபிசி மைக்ரோ மாடல் பி-யில இருந்த மெமரி 32 கிலோபைட். உங்க வாட்ஸ்அப்ல வர்ற ஒரு குட்மார்னிங் போட்டோ இதை விடப் பெருசு. அதுக்குள்ள 8 கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 கிரகம், மொத்தம் 2048. ஒவ்வொரு கிரகத்துக்கும் பேர், ஆட்சிமுறை, பொருளாதாரம், மக்கள்தொகை எல்லாம் உண்டு. எங்க சேமிச்சாங்க?

சேமிக்கவே இல்ல. கணக்குப் போட்டாங்க.

சேலை பார்டர் நெய்யுற ஜக்கார்டு தறியைப் பாருங்க. டிசைன் துளை போட்ட அட்டையில இருக்கும். அட்டை முழுசா ஓடி முடிஞ்சா அதே டிசைன் திரும்ப வரும். சின்ன அட்டைக்கட்டுல நீளமான சேலை. எலைட் இதுக்கு ஒரு படி மேல போச்சு. அதுகிட்ட இருந்தது மூணு 16-பிட் எண், அதாவது வெறும் ஆறு பைட். மூணையும் கூட்டு, முதல் எண்ணைத் தூக்கிப் போடு, கூட்டினதைக் கடைசியில சேர். இதை நாலு தடவை செஞ்சா அடுத்த கிரகம். அந்த எண்கள்ல இருக்குற பிட்டுகளே ஆட்சிமுறையையும் பேரையும் தீர்மானிக்கும். 'டி', 'சோ' மாதிரி ரெண்டெழுத்துத் துண்டுகளை ஒட்டினா 'டிசோ'ன்னு ஒரு கிரகம். ஆரம்ப எண் எல்லாருக்கும் ஒண்ணுங்கிறதால, லண்டன்ல விளையாடினவனுக்கும் மான்செஸ்டர்ல விளையாடினவனுக்கும் அதே டிசோ, அதே இடத்துல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அதே 1984-85ல இந்திய அரசு 'கிளாஸ்'னு ஒரு பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம் தொடங்குச்சு. முதல்ல சுமார் 250 பள்ளிகள். கொடுத்த மெஷின் எது தெரியுமா? இதே பிபிசி மைக்ரோ! மொஹாலியில எஸ்.சி.எல். அரசு நிறுவனம் உரிமம் வாங்கி 'யூனிகார்ன்'ங்கிற பேர்ல அதைத் தயாரிச்சது.

யோசிச்சுப் பாருங்க. கேம்பிரிட்ஜ் பசங்க ஒரு பிரபஞ்சத்தையே கட்டின அதே பெட்டி, நம்ம பள்ளிகள்லயும் இருந்துச்சு. ஆனா அங்க அது வீட்டு மேஜை மேல இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நோண்டலாம். இங்க ஒரு பள்ளிக்கு ஒரு சில மெஷின், நூத்துக்கணக்குல பசங்க, பீரியட் கணக்குல நேரம். நம்ம பசங்களுக்குத் திறமை இல்லன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். இல்லாதது நேரம், கெட்டாலும் பரவாயில்ல, நோண்டிப் பாருன்னு சொல்ற ஒரு ஆள். வேலை தேடுறதுக்குக் கம்ப்யூட்டர் படிச்ச தலைமுறை நாம. விளையாடிக் கத்துக்கிட்டவங்க ரொம்பக் கம்மி.

இந்தக் குறையை பிராபெனும் அவர் ஊர்லயே பார்த்தார். பின்னாடி ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையைத் தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். 2012ல அந்த மலிவு விலை போர்டு வந்துச்சு. நோக்கம் சிம்பிள்: பசங்க பயப்படாம நோண்ட ஒரு கம்ப்யூட்டர். அதுல ஓடுறது ஏஆர்எம் சிப். அந்த வடிவமைப்பு பிறந்ததும் பிபிசி மைக்ரோவைச் செஞ்ச அதே அக்கார்ன் நிறுவனத்துலதான். உங்க பாக்கெட்ல இருக்குற போன்லயும் அதே வம்சம்தான்.

அதனால இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். பைத்தான்ல மூணு எண் எடுங்க, கூட்டுங்க, 65536-ஆல வகுத்து மீதியை வச்சுக்கிட்டு வரிசையை நகர்த்துங்க. பத்து வரி கூட வராது. வர்ற எண்ணுக்குத் தமிழ் எழுத்துகளை மாட்டி விட்டா, இதுவரை யாரும் கேள்விப்படாத ஊர்ப் பேரா வந்து விழும். வீட்டுல சின்னப் பசங்க இருந்தா கீபோர்டை அவங்ககிட்ட கொடுத்துட்டு நீங்க தள்ளி உக்காருங்க. வந்த பேர்ல பிடிச்சதை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.