பெட்டி வகுத்த சுவை
கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடியோ விளையாட்டின் வரலாறு

எந்தப் பெட்டி சிறந்தது, எவ்வகை விளையாட்டு உயர்ந்தது என்னும் வழக்கு வீடியோ விளையாட்டு ஆடுவோரிடையே ஓயாது நிகழ்வது. செலாயாங் போன்ற ஓர் ஊரில் இவ்வழக்குக்குச் செவிசாய்ப்போர் ஒன்றை எளிதில் உணரலாம். நாற்பது அகவையைக் கடந்தவர் பீரங்கி வண்டி விளையாட்டையும் சுட்டுக்கொண்டே ஓடும் விளையாட்டையும் புகழ்வார். அவருக்கு இளையவர் காற்பந்து விளையாட்டே விளையாட்டு என்பார். அவருக்கும் இளையவர் பெட்டியே வேண்டா, கைப்பேசி போதும் என்பார். இவற்றைத் தனி மனிதர் சுவை என்று ஒதுக்கிவிடுதல் வழக்கம். ஆயின் வரலாற்று நோக்கில் ஆராயுங்கால், இச்சுவைகளுள் பெரும்பாலானவை அவரவர் இளமையில் வீட்டிற்குள் வந்த பெட்டி வகுத்துத் தந்தவை என்பது தெளிவாகும்.

கருவி மாறினால் படைப்பின் வகையும் மாறும் என்பது தமிழர்க்குப் புதிதன்று. ஓலைச் சுவடியின் காலத்தில் நினைவில் நிற்கும் செய்யுளே நூலுக்குரிய வடிவமாக விளங்கிற்று. அச்சு பரவிய பின்னரே உரைநடை ஓங்கி, 1879-ஆம் ஆண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் நாவலாக வெளிவந்தது. ஓலையும் அச்சும் இலக்கியத்திற்குச் செய்ததை, காசுப் பொறியும் வீட்டுப் பெட்டியும் வட்டும் விளையாட்டுக்குச் செய்தன.

காசுப் பொறி

1972-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ரால்ஃப் பேயர் என்பாரின் முயற்சியால் மேக்னவாக்ஸ் ஒடிசி என்னும் முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ என்னும் காசுப் பொறியை வெளியிட்டது. ஜப்பானில் 1978-இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டும், 1980-இல் ‘பேக்மேன்’ விளையாட்டும் தோன்றி உலகெங்கும் பரவின.

காசுப் பொறியின் உரிமையாளருக்கு ஆட்டம் விரைவில் முடிதல் வேண்டும். அப்போதுதான் அடுத்த காசு விழும். ஆடுபவருக்கோ, மீண்டும் ஒருமுறை ஆடினால் வென்றுவிடலாம் என்னும் எண்ணம் தோன்றுதல் வேண்டும். இவ்விரண்டும் கூடியதன் விளைவே சுடும் விளையாட்டும், துரத்தும் விளையாட்டும், 1991-இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ பரப்பிய சண்டை விளையாட்டும். எளிதில் புரிவது, கடிதில் தோற்கச் செய்வது, மதிப்பெண் காட்டுவது என்னும் இலக்கணத்தை வகுத்தது கலைஞரின் கற்பனை மட்டுமன்று. காசு விழும் துளையும் ஆகும்.

எழுதப்பட்ட வரலாறும் அதன் எல்லையும்

வீடியோ விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையைக் கூறுவர். அமெரிக்காவில் 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய வீழ்ச்சியால், ஏறத்தாழ 300 கோடி டாலராக இருந்த வீட்டு விளையாட்டு வாணிகம் இரண்டே ஆண்டுகளில் 10 கோடி டாலர் அளவிற்குச் சுருங்கியது. நிண்டெண்டோ நிறுவனம் 1985-இல் அமெரிக்காவிற்குள் புகுந்து அதற்கு மீண்டும் உயிரூட்டிற்று. இக்கதை அமெரிக்காவைப் பொறுத்தவரை உண்மையே. ஆயின் கோலாலம்பூரின் வடக்கே, பத்துமலைக்கு அண்மையில் அமைந்துள்ள செலாயாங்கிற்கு இது பொருந்தாது. அங்குள்ள வீடுகளுக்குப் பெட்டி வந்த வழியே வேறு.

நிண்டெண்டோவின் ‘ஃபேமிகாம்’ பெட்டி ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளிவந்தது. அதனை மலாயாவின் வீட்டில் அப்படியே பொருத்திவிட இயலாது. ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட்டு. மலேசிய மின்சாரம் அக்காலத்தில் 240 வோல்ட்டு. ஜப்பானியத் தொலைக்காட்சி என்.டி.எஸ்.சி. முறையில் நொடிக்கு 60 முறை படத்தைத் தீட்டுவது. மலேசியத் தொலைக்காட்சி பால் என்னும் முறையில் 50 முறை தீட்டுவது. முறை ஒவ்வாத பெட்டியைப் பொருத்தினால் நிறம் தோன்றாது, படமும் நிலைகொள்ளாது.

இவ்விடைவெளியை நிரப்பியவை தைவானிலிருந்து வந்த போலிப் பெட்டிகள். டி.எக்ஸ்.சி. நிறுவனத்தின் ‘மைக்ரோ ஜீனியஸ்’ அவற்றுள் மலேசியர் நன்கறிந்த பெயர். இவை பால் முறைத் தொலைக்காட்சிக்கு ஏற்பச் செய்யப்பட்டவை, விலையும் குறைவு. ரஷ்யாவில் 1992 முதல் ‘டெண்டி’ என்றும், போலந்தில் ‘பெகாசஸ்’ என்றும் வழங்கியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நொடிக்கு 60 என்று கணக்கிட்டு எழுதிய விளையாட்டை 50 என்ற முறையில் ஓட்டினால், ஓட்டமும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். அவ்வாறு ஆடி வளர்ந்தவர் பின்னாளில் அதே விளையாட்டின் ஜப்பானிய வேகத்தைக் காணும்போது, அது தவறாக விரைகிறது என்று கருதுவதற்கு இடமுண்டு.

எழுத்து மறித்த வகை

போலிப் பெட்டியுடன் ‘64-இல் 1’ என்பது போன்ற பல விளையாட்டுத் தொகுப்புகள் வந்தன. ஆயிரம், பத்தாயிரம் என்று எண் பொறித்தவையும் உண்டு. திறந்து நோக்கினால் சில விளையாட்டுகளே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். குறைந்த நினைவகத்தில் அடங்குபவையே இத்தொகுப்புகளுக்கு ஏற்றவை. 1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 40 கிலோபைட்டு அளவினதே. பீரங்கி வண்டிகள் செங்கற்சுவரை உடைத்துப் பொருதும் நாம்கோவின் ‘பேட்டில் சிட்டி’யும் அதே ஆண்டினது. அப்பெட்டியின் காலத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு வராத இவ்விளையாட்டு, போலிப் பெட்டி பரவிய நாடுகளிலெல்லாம் இன்றும் அன்போடு நினைக்கப்படுகிறது. எது சிறந்தது என்னும் தீர்ப்பு எது கைக்குக் கிட்டியது என்பதைச் சார்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கிட்டாதது எது என்பதும் நோக்கத்தக்கது. ஜப்பானில் 1986-இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ வேடமேற்று ஆடும் வகையின் முன்னோடி. பல நாள் தொடர்ந்து ஆட வேண்டிய கதை அது. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர, 20 ஜப்பானிய எழுத்துகள் கொண்ட ஒரு குறிச்சொல்லை எழுதி வைத்து மீண்டும் உள்ளிடல் வேண்டும். உரையாடலோ முழுவதும் ஜப்பானிய மொழி. நிலையைச் சேமிக்கும் மின்கலம் பொருத்திய அட்டைகள் பின்னர் வந்தன. ஆயின் மலிவான தொகுப்புகளில் மின்கலம் பெரும்பாலும் இராது. தமிழோ மலாயோ ஆங்கிலமோ பயிலும் செலாயாங் சிறுவனுக்கு அவ்வகையின் கதவு எழுத்தாலும் விலையாலும் அடைபட்டிருந்தது. அவன் தலைமுறையினர் ‘கதை விளையாட்டு எங்களுக்குப் பிடிப்பதில்லை’ என்பாராயின், பிடிக்கவில்லை என்பதினும் வாய்க்கவில்லை என்பதே பொருத்தம்.

வட்டு திறந்த கதவு

சோனி நிறுவனத்தின் ‘பிளேஸ்டேஷன்’ 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அட்டைக்கு மாறாக ஏறத்தாழ 650 மெகாபைட்டு கொள்ளும் வட்டினை அது பயன்படுத்திற்று. நிலையைச் சேமிக்கத் தனியே ஒரு சிறு அட்டையும் உண்டு. 1997-இல் மூன்று வட்டுகளாக வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ஆங்கிலத்திலும் கிடைத்தது. ஓசையும் திரைப்படம் போன்ற காட்சிகளும் நெடிய கதையும் ஒருங்கே புகுந்தன. ஒரு தலைமுறைக்கு அடைபட்டிருந்த வகை அடுத்த தலைமுறைக்குத் திறந்தது.

வட்டினைப் படியெடுப்பது எளிது. பசார் மாலாம் முதல் கோலாலம்பூர் அங்காடிகள் வரை சில வெள்ளிக்குத் திருட்டு வட்டுகள் விற்கப்பட்டன. மலேசிய அரசு ஒளிவட்டுச் சட்டத்தை 2000-ஆம் ஆண்டில் இயற்றியது இந்நிலையை அடக்குவதற்கே. படைத்தவருக்கு இதனால் நேர்ந்த இழப்பை மறுத்தல் கூடாது. எனினும் வரலாற்றாசிரியன் நோக்க வேண்டுவது மற்றொன்றும் உண்டு. அட்டை ஒன்றை வாங்கித் திங்கட்கணக்கில் ஆடியவன் ஒரே விளையாட்டின் ஆழத்தை அறிந்தான். வட்டுகளை அடுக்கி வைத்தவன் பல வகைகளின் பரப்பை அறிந்தான். இருவர் கருத்தும் வேறுபடுதல் இயல்பே. இக்காலத்தில்தான் கொனாமியின் ‘வின்னிங் லெவன்’ காற்பந்து விளையாட்டு மலேசிய இளைஞரைக் கவர்ந்தது. ஜப்பானிய மொழிப் பதிப்பானால் என்ன? காற்பந்துக்கு எழுத்து வேண்டுவதில்லை. பட்டியலில் எத்தனையாவது வரி என்று நினைவில் கொண்டால் போதும். டிராகன் குவெஸ்டை மறித்த அதே எழுத்து, பந்தை மறிக்க இயலவில்லை.

நிலையத்திலிருந்து கைப்பேசிக்கு

விளையாட்டுப் பொறி என்னும் பெயரில் சூதாட்டம் நடப்பதாக எழுந்த குறைகளை அடுத்து, வீடியோ விளையாட்டு நிலையங்களை மூடுவதென மலேசிய அரசு 2000-ஆம் ஆண்டில் முடிவு செய்தது. காசுப் பொறியின் செல்வாக்கு தளர்ந்த அவ்வேளையில் இணைய மையங்கள் பெருகின. அங்கே பெட்டி இல்லை, கணினி உண்டு. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆட்டத்தை விரைந்து முடிக்க வேண்டுவதில்லை. அருகில் நண்பர்கள் இருத்தலே வேண்டுவது. ஆதலின் 1999-இல் தோன்றிய ‘கவுண்ட்டர் ஸ்டிரைக்’கும், 2003-இல் வேறொரு விளையாட்டின் வரைபடமாகப் பிறந்த ‘டோட்டா’வும் அங்கே வேரூன்றின. குழுவாக ஆடும் இவ்வகையில் பயின்ற மலேசியரின் ‘ஆரஞ்ச்’ அணி, 2013-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடந்த உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றது.

பின்னர் அவ்வகையே கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தது. ‘மொபைல் லெஜெண்ட்ஸ்’ 2016-இல் வந்தது. பெட்டி வாங்க வேண்டா, இடவாடகை வேண்டா. 2024-இல் ரியாத் நகரில் நடந்த அவ்விளையாட்டின் பன்னாட்டுக் கோப்பையை ‘சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்’ அணி வென்றது. செலாயாங்கும் சிலாங்கூரைச் சேர்ந்ததே. விலை மிகுந்த பெட்டிகளின் வழக்கில் மலேசியர் பார்வையாளராகவே இருந்தனர். ஏறத்தாழ எல்லார் கையிலும் உள்ள கருவியில் அவர்களே முதல்வராயினர்.

மொழி திறந்த கதவையும் இங்கே குறித்தல் தகும். கனடாவின் டொரோண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி முதலியவற்றைச் சமைப்பதே புதிர். தாய்மொழியைத் தடுமாறிப் படிக்கும் மகனும் அதில் வருகிறான். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதற்படைப்புப் பிரிவில் அதற்குக் கிடைத்தது. எழுத்தால் மறிக்கப்பட்ட கதை வகை, தமிழ் எழுத்தையே பொருளாகக் கொண்டு திரும்பி வந்தது.

எஞ்சும் சான்று

பிறவிக் குணத்திற்கு இதில் இடமே இல்லையா என்று வினவலாம். உண்டு. ஒரே வீட்டில் ஒரே பெட்டியின் முன் அமர்ந்த உடன்பிறந்தார் இருவரும் ஒரே விளையாட்டை விரும்புவதில்லை. ஆயினும் அவர்கள் தேர்ந்தது பெட்டி கொணர்ந்தவற்றுள் ஒன்றையே. கொணராததைத் தேர வழியில்லை.

நிண்டெண்டோ தன் முதற்பெட்டியை உலகெங்கும் 6 கோடியே 19 இலட்சம் விற்றதாகக் கணக்கிட்டுள்ளது. அக்கணக்கில் மைக்ரோ ஜீனியஸ் இல்லை. தொகுப்பு அட்டைகளுக்கும் திருட்டு வட்டுகளுக்கும் பேரேடு இல்லை. நிறுவனங்களின் ஏடுகளை மட்டும் நம்பி எழுதப்படும் வரலாற்றில் செலாயாங் போன்ற ஊர்கள் வீடியோ விளையாட்டே ஆடாதவை போலத் தோன்றும். ஆதலின், ‘என் பெட்டியே சிறந்தது’ என்று வழக்காடுவோரின் சொல்லை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுதல் ஆகாது. எந்த ஆண்டில், எந்தப் பெட்டியில், யார் வாங்கித் தந்து, எந்த மொழியில் ஆடினார் என்பதையும் உடன் கேட்டுக் குறித்து வைப்பின், அவ்வழக்கே கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஆவணமாகும். போலிப் பெட்டிகள் பழுதடைந்து குப்பைக்குச் சென்றுவிட்டன. ஆடியவர் நினைவு இன்னும் உள்ளது. அது மறையுமுன் எழுதப்படல் வேண்டும்.