எட்பயிர்ப் புழுவும் இல்புகு பூச்சியும்

கழுகுமலையில் எம் உறவினர் இல்லமொன்றில், ஐப்பசித் திங்களில் மழை ஓய்ந்த ஓர் இரவு, முற்றத்து விளக்கொளியை நாடி ஒரு பூச்சி வந்து சுவரில் அமர்ந்தது. விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ நான்கு அங்குலம். உடல் பெருவிரற் பருமன். முதுகின்மீது மண்டையோடு போன்றதொரு மஞ்சட்குறி. துணிகொண்டு பற்ற முயன்றபோது எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டது. வீட்டிலுள்ளோர் அஞ்சினர். அதன் பெயர் யாதென வினவியபோது ஒருவரும் விடை கூறிலர். கரிசற்காட்டிலேயே வாழ்நாளெல்லாம் உழுது பயிரிட்ட பெரியவரும், "இதை நான் பாத்ததே இல்லை, தம்பி" என்றார். அவர் அதனை ஆண்டுதோறும் கண்டவரே என்பதும், வேறு வடிவிற் கண்டமையால் அறிந்திலர் என்பதும் பின்னரே புலனாயின. ஓர் உயிரின் அறிவு இவ்வாறு இருகூறாகப் பிரிந்து நின்ற வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். இன்று அறிவியல் தமிழில் 'அந்துப்பூச்சி' என்பது இவ்வினம் முழுமைக்கும் பொதுப்பெயராக வழங்குகின்றது. ஆயின் உழவர் வழக்கில் அந்து என்பது குதிரிலும் தவச மூட்டையிலும் தோன்றும் சிறு பூச்சியே. 'விட்டில்' என்பதோ வெட்டுக்கிளிக்கும், விளக்கில் வீழும் பூச்சிக்கும் ஒருங்கே உரியதாய் நின்று, எதனையும் பிரித்துக் காட்டாது ஒழிகின்றது. இதற்கு மாறாகப் புழுக்களுக்குரிய பெயர்களோ மிகப் பல. காய்ப்புழு, தண்டுப்புழு, கம்பளிப்புழு, இலைசுருட்டிப்புழு எனத் தின்னும் இடத்தாலும் தோற்றத்தாலும் செயலாலும் அவை வேறுவேறு பெயர் பெற்றுள்ளன. பயிரை அழிப்பது புழு. ஆகலின் பெயர் பெற்றதும் அதுவே. இரவிற் பறந்து விடியலில் மறையும் பூச்சிக்குப் பெயரிட வேண்டிய தேவை உழவனுக்கு எழவில்லை.

புழுவே பூச்சியாம் என்னும் உண்மை முன்னோர்க்குத் தெரியாததன்று. பட்டு நெய்தவர் அதனை நன்கறிவர். எனினும் மெய்ந்நூலாரிடையே பெரிதும் பரவிய உவமை வேறொன்று. வேட்டுவன் என்னும் குளவி ஒரு புழுவைக் கொணர்ந்து கூட்டில் அடைத்து ஒலிக்க, அப்புழு குளவியாகவே மாறும் என்பது சைவ நூலுரைகளிலும் வடமொழியிலும் பயின்றுவரும் கருத்து. உண்மையில் அப்புழு குளவிக்குஞ்சின் உணவேயன்றிப் பிறிதன்று. அப்புழு தன் போக்கில் விடப்பட்டிருப்பின் அந்தாகப் பறந்திருக்கும். உருமாற்றம் என்னும் கருத்து இருந்தது. அது பிறிதோர் உயிரின் செயலாகக் கொள்ளப்பட்டது. (கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் ஒரே பாறையிற் குடைந்து முற்றுவியாது விட்ட கோயிலுக்கு வேட்டுவன் கோயில் என்பது பெயர். சொல் ஒன்றேயாயினும் அப்பெயரைக் குளவியோடு இயைத்தற்குச் சான்றில்லை.)

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையாற் பகுக்குங்கால் எறும்பையும் சிதலையும் மூவறிவுடையனவாகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவுடையனவாகவும் கொள்ளும். இதனையொத்த பகுப்பு சமண நூலாகிய தத்துவார்த்த சூத்திரத்திலும் உண்டு. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்குவித்த சமணர்க்கு அப்பகுப்பு உயிரோம்பும் ஒழுக்கத்தோடு இணைந்தது. இம்முறைப்படி நம் பூச்சி தும்பியோடு வைக்கப்பட்டுச் செவியுணர்வு இல்லதாகும். ஆயின் இதன் இனத்துப் பூச்சிகள் வாயையடுத்த உறுப்புகளால், நம் செவிக்கு எட்டாத நுண்ணொலியையும் உணர்கின்றன என 2002-இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவியது. இது மரபியலுக்குக் குறையன்று. கருவியின்றிக் கண்ணாற் கண்டு வகுத்த பகுப்பு அவ்வளவு தொலைவு சென்றதே வியப்பு.

இனி மேலைநாட்டார் செய்தது யாது? அவர்தம் முறை நேர் எதிரானது. அவர் பெயரிட்டது ஊசியிற் குத்திப் பெட்டியில் வைத்த பூச்சிக்கு. லின்னேயசு 1758-இல் ஐரோப்பிய மண்டையோட்டுப் பூச்சிக்கு 'அட்ரோபோசு' என்று பெயரிட்டார். கிரேக்கர் கதையில் உயிரின் இழையை அறுக்கும் தெய்வம் அது. அவர்தம் மாணவர் பெப்ரீசியசு, கீழைநாட்டுப் பெரிய பூச்சிக்கு 1798-இல் அத்தெய்வத்தின் உடன்பிறந்தாளாகிய 'லாக்கெசிசு' என்பவளின் பெயரைச் சூட்டினார். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கேனிக் அனுப்பிய பூச்சிகள் பலவற்றை ஆராய்ந்து பெயரிட்டவரும் இவரே. மூன்றாவது இனத்திற்கு 1847-இல் வெசுட்வுட் என்பார் இட்ட பெயர் 'சுடிக்சு'. இறந்தோர் கடக்கும் ஆற்றின் பெயர். பேரினப் பெயராகிய அக்கெரோன்சியாவும் அவ்வுலகத்து ஆறொன்றினின்றே பிறந்தது. ஆக, முதுகிலிருந்த ஒரு குறி கண்டு எழுந்த அச்சம் அறிவியற் பெயராகவே நிலைத்துவிட்டது.

அவ்வச்சத்திற்கு அரசரும் விலக்கல்லர். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் சார்சு மனநோயுற்றிருந்த 1801-இல் அவர்தம் படுக்கையறையிற் காணப்பட்ட இவ்வினப் பூச்சியை மருத்துவர் வில்லிசு எடுத்து வைத்தார் என்பர். அது கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக விலங்கியற் காட்சியகத்தைச் சேர்ந்தது.

நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஆம்சன், பிரித்தானிய இந்திய விலங்கு வரிசையில் அந்துகளைப் பற்றிய முதல் தொகுதியை 1892-இல் வெளியிட்டார். பூச்சியின் சிறகும் நரம்புமே அதில் முதன்மை. 1937-இல் அதே வரிசையில் வந்த ஐந்தாம் தொகுதியை எழுதியோர் பெல், சுகாட் என்னும் இருவர். பெல் வடகன்னடத்தில் வனத்துறையில் இருந்தவர். புழுக்களைத் தேடிக் கொணர்ந்து, அவற்றின் உணவிலையை இட்டு வளர்த்து, முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு நிலையையும் தொடர்ந்து எழுதினார். எம் கருத்தில் இந்நாட்டு அந்து வரலாற்றின் திருப்பம் ஆம்சனிடத்திலன்று, பெல்லிடத்திலேதான். பெட்டியிலிருந்த பெயரும் வயலிலிருந்த பெயரும் ஒன்றையொன்று கண்டது புழு வளர்ப்பாலேயாம்.

கழுகுமலைப் பூச்சிக்கு வருவோம். பின்சிறகு மஞ்சள், அதில் இரு கரும்பட்டைகள், உள்மூலையில் நீலம் படிந்த புள்ளி. வயிற்றின் அடிப்புறத்தில் குறுக்குக் கோடுகள் இல்லை. லாக்கெசிசு ஆயின் பின்சிறகின் அடிப்பகுதி பரந்து கறுத்திருக்கும். வயிற்றின் அடியிலும் பட்டைகள் காணப்படும். ஆகலின் இது சுடிக்சு என்பது தெளிவு. கொட்டுதலும் கடித்தலும் இதற்கில்லை. தேனடைக்குட் புகுந்து தேனுண்பது இதன் இயல்பு. கீச்சொலி, தொண்டையறையிற் காற்றை இழுத்து வெளிவிடுவதனால் எழுவது. இதன் புழு எள், அவரை, கத்தரி ஆகியவற்றின் இலையைத் தின்னும். வேளாண் நூல்கள் இதனை எள்ளின் பகையாகவே முதற்கண் எண்ணும்.

இதனைச் சொல்லால் நிறுவுவதினும் செயலால் நிறுவுவதே தக்கதெனக் கருதி, அடுத்த மார்கழியில் அப்பெரியவருடைய எட்புலத்திலிருந்தே ஒரு புழுவைக் கொணர்ந்தோம். விரல்நீளமும் பசுமையும் உடையது. விலாவிற் சாய்கோடுகளும் வாலில் வளைந்த கொம்பும் கொண்டது. அதனை அவர் நன்கறிவார். ஒவ்வோராண்டும் கையாற் பொறுக்கி எறிந்தவர். கரிசல் மண் இட்ட பானையில் எள்ளிலையுடன் விட்டு வாயைத் துணியாற் கட்டினோம். ஐந்தாம் நாள் அது மண்ணுட் புகுந்தது.

'மண்டையோட்டு அந்து' என்று இன்று சிலர் வழங்குவது ஆங்கிலத்தின் நிழலே. 'எள்ளந்து' என்பதே ஏற்புடையது என்பது எம் துணிபு. கத்தரியையும் தின்னுமே எனின், காய்ப்புழு காயொன்றையே தின்பதில்லை என்க. அப்பெயரால், விளக்கடியில் வந்ததைக் கண்டவர் வயலில் இருப்பதை நினைவர்; வயலிற் கண்டவர் வீட்டில் அஞ்சார்.

மண்ணுட் புகுந்த இருபதாம் நாள் இரவு பானைக்குள் கீச்சொலி கேட்டது. பெரியவர் விளக்கை எடுத்துவந்து துணியைத் தாமே அவிழ்த்தார். நெடுநேரம் நோக்கியிருந்து, "நம்ம எள்ளுப் புழுவா இது?" என்று மட்டும் கேட்டார்.