புல்லட்டும் யெஸ்டியும்: கம்ப்ரஷன் போன வழி

பழைய எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரை லேத்தில் கொடுத்து போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் போட்டுப் பூட்டியாகிவிட்டது. கிக்கரை மிதித்தால் தடையே இல்லாமல் கீழே போகிறது. ஓடித் தேய்ந்த எஞ்சின் என்றால் தேய்மானத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். புதிதாகப் பூட்டிய எஞ்சினில் அந்தப் பதில் செல்லாது. திருவொற்றியூரில் உருவான புல்லட் 350, மைசூரில் உருவான யெஸ்டி 250 ஆகிய இரண்டையும் இந்த ஒரே குறையோடு அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒன்று நான்கு ஸ்ட்ரோக், மற்றது இரண்டு ஸ்ட்ரோக். ஒன்றில் வால்வுகள் உண்டு, மற்றதில் வால்வு என்பதே இல்லை. நோய்க் காரணங்களும் வெவ்வேறாகவே இருக்கும் என்று தோன்றும். அது பாதி உண்மைதான்.

முதல் சாட்சி கால். நல்ல நிலையிலுள்ள புல்லட்டின் கிக்கர்மேல் ஏறி நின்றால், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் அது ஒரு கணம் ஆளைத் தாங்கி, பிறகே மெல்ல இறங்கும். யெஸ்டியின் கிக்கர் அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. ஆனால் அதில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் கம்ப்ரஷன் வருகிறது; புல்லட்டில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். புல்லட்டுக்குப் பழகிய கால் நலமாக இருக்கும் யெஸ்டியையும் சந்தேகிக்கும்; யெஸ்டிக்குப் பழகிய கால் நோயுற்ற புல்லட்டையும் மன்னித்துவிடும்.

இரண்டு வண்டிகளிலும் இந்தச் சாட்சி ஒரே விதமாகப் பொய் சொல்லவும் கூடும். இரண்டிலும் உதை கிளட்ச் வழியாகத்தான் கிராங்கைச் சென்றடைகிறது. எஞ்சின் வேலையோடு கிளட்சையும் பிரித்துப் பூட்டி, அட்ஜஸ்ட்மெண்ட் பிசகியிருந்தால், பிளேட் வழுக்கி கிக்கர் மட்டும் லேசாக இறங்கும். பாயின்ட் மூடியைக் கழற்றி, உதைக்கும்போது உள்ளே கேம் சுழல்கிறதா என்று பார்த்தாலே இதைக் கண்டுகொள்ளலாம். சுழலவில்லையென்றால் சிலிண்டரைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டும்போதும் இருவருக்கும் விதி ஒன்றே: ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைக்க வேண்டும். மூடிய கார்புரேட்டர் வழியே காற்று போதிய அளவு உள்ளே வராது, முள்ளும் ஏறாது. அளவு குறைவாகவே வந்தால், பிளக் துளையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி உதைப்பது வழக்கம். புல்லட்டில் இதன் பதில் தெளிவானது. முள் ஏறினால் ரிங்கைச் சந்தேகிக்கலாம். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் பேக்கிங்கையோ பார்க்கலாம். யெஸ்டியில் இந்தப் பதில் அவ்வளவு தெளிவில்லை. பூட்டும்போது தடவிய எண்ணெயும் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயும் ஏற்கெனவே ரிங்கின் இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். ஆயில் விட்டுப் பார்க்கும் சோதனையை யெஸ்டி தனக்குத் தானே நடத்திக்கொள்கிறது.

ஆகவே காற்றை உள்ளே செலுத்தி, அது எங்கே சீறுகிறது என்று காது கொடுப்பது மேலான வழி. பிஸ்டனை மேல் எல்லையில் நிறுத்தி, கியரில் போட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். புல்லட்டில் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல் எல்லைதானா என்று உறுதி செய்தாக வேண்டும். யெஸ்டியில் எந்த மேல் எல்லையும் சரியே. சீறல் கார்புரேட்டரில் கேட்டால் புல்லட்டின் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, பிரீதர் குழாயில் கேட்டால் ரிங். டேப்பெட்டில் கடுகளவு இறுக்கம் இருந்தாலும், டீகம்ப்ரசர் கேபிள் தளர்வின்றி இழுத்துப் பிடித்தாலும் சீறல் கேட்கும். உறுப்புகள் அதிகம் என்பதால் ஒழுகும் இடங்களும் அதிகம். ஆனால் ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. யெஸ்டியில் உறுப்புகள் குறைவு. ரிங், ஹெட் பேக்கிங், பிளக் என்று பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். அதனாலேயே அதை எளிய எஞ்சின் என்கிறோம்.

அந்த எளிமைக்குள் ஒரு பொறி இருக்கிறது. யெஸ்டிக்குக் கம்ப்ரஷன் இரண்டு. பிஸ்டனுக்கு மேலே உள்ளதைக் கேஜ் அளக்கும். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் கேஸுக்குள் உள்ளதை அது அறியாது. கிராங்கின் ஆயில் சீல் ஒன்று பழுதானால் முள் நன்றாக ஏறும், வண்டி மட்டும் ஓடாது. டைனமோ பக்கச் சீல் விட்டால் வெறும் காற்று புகுந்து கலவை வறண்டு போகும். கிளட்ச் பக்கச் சீல் விட்டால் எண்ணெய் இழுபட்டு வெண்புகை எழும். கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்ட் துளைகளையும் ரப்பரால் அடைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்றேற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பதே இதற்குரிய சோதனை. புல்லட்டின் கிராங்க் கேஸோ மூச்சை வெளியே விட்டாக வேண்டிய அறை. பிரீதர் அடைபட்டால்தான் அங்கே தொல்லை. சிலிண்டர் அடிப் பேக்கிங் ஒழுகினால் புல்லட்டின் கீழே எண்ணெய்த் துளி விழும். யெஸ்டியில் உயிர்மூச்சே போய்விடும்.

லேத்திலிருந்து திரும்பிவரும் பாகங்களைப் பார்த்தால் வேற்றுமை குறையத் தொடங்குகிறது. புல்லட்டின் ஹெட்டில் புது வால்வு கைடு அடித்தால், பழைய சீட் அதன் மையத்தோடு பொருந்தாது. கைடை ஆதாரமாக வைத்துச் சீட்டை மீண்டும் வெட்ட வேண்டும். யெஸ்டியின் சிலிண்டரைப் போர் செய்தால் போர்ட்டுகளின் விளிம்பு கத்தியாகிவிடும். அதை மழுக்கவில்லையென்றால் ரிங் சிக்கி உடையும். வால்வே இல்லாத எஞ்சினுக்கும் வால்வு வேலை போன்ற ஒன்று இருக்கிறது. ரிங் வாயின் இடைவெளியிலும் இருவருக்கும் ஒரே கணக்குதான். ஓர் அங்குல போருக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்ற பழைய விதியின்படி 70 மி.மீ. புல்லட்டுக்கு ஏறத்தாழ 0.28 மி.மீ., 65 மி.மீ. யெஸ்டிக்கு 0.26 மி.மீ. வரும். ஒன்றில் ரிங் வாய்களைத் திசை மாற்றி நாம் வைக்கிறோம். மற்றதில் சிறு ஊசி அவற்றைப் பிடித்துவைக்கிறது.

எதிர்பாராத உறவு வெளிப்படுவது, எங்கும் சீறல் கேட்காமலே கேஜ் குறைவாகக் காட்டும்போது. ஓட்டை இல்லை, கம்ப்ரஷனும் இல்லை. புல்லட்டில் அழுத்தம் தொடங்குவது பிஸ்டன் கீழ் எல்லையிலிருந்து கிளம்பும்போது அல்ல. இன்லெட் வால்வு மூடியபின்தான். டைமிங் கியரின் குறி ஒரு பல் தள்ளி அமர்ந்து வால்வு தாமதமாக மூடினால், உள்ளே வந்த கலவை கார்புரேட்டர் வழியே திரும்பிவிடும். யெஸ்டியில் அழுத்தம் தொடங்குவது பிஸ்டன் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பைக் கடந்தபின்தான். விளிம்பை மழுக்கப் போனவர் ஆர்வ மிகுதியில் அரத்தை மேலே இழுத்திருந்தாலோ, வேகத்துக்காக முன்பு யாரோ போர்ட்டை உயர்த்தியிருந்தாலோ, கலவை சைலன்சர் வழியே போய்விடும். கியர்ப் பல் ஒன்றின் பிசகும் அரத்தின் சில இழுப்புகளும் ஒரே குற்றத்தைத்தான் செய்கின்றன: கதவு பழுதின்றி மூடுகிறது, ஆனால் தாமதமாக.

தேய்ந்த எஞ்சினில் ஓட்டை எங்கே என்று கேட்பது பெரும்பாலும் போதும். புதிதாகப் பூட்டிய எஞ்சினில் எப்போது மூடுகிறது என்றும் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தை நிர்ணயிப்பவை பூட்டிய கைகளே. புல்லட்டில் அந்த நேரம் கேமில் இருக்கிறது. டைமிங் மூடியைத் திறந்து குறிகளைச் சேர்த்து வைத்தால் ஒரு மாலையில் திருத்திவிடலாம். யெஸ்டியில் அது சிலிண்டரின் இரும்பிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அரம் தின்ற இரும்பு திரும்ப வராது. எனவே உறுப்புகள் நிறைந்த புல்லட்தான் பிழையைப் பொறுக்கும் எஞ்சின். எளியது என்று பெயர் வாங்கிய யெஸ்டிக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை.