அவசர ஊர்திகளுக்கான சாலை விதிவிலக்கு

உயிரைக் காக்கவோ பெருஞ்சேதத்தைத் தடுக்கவோ விரையும் வாகனத்தின் ஓட்டுநர் சில போக்குவரத்து விதிகளைக் கடந்து செல்லச் சட்டம் தரும் அனுமதியே அவசர ஊர்தி விதிவிலக்கு. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இதை ஏற்கிறது. இந்தியா 1980இல் அதில் இணைந்தது. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள், தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் ஓரமாக ஒதுங்கி வழிவிடும்படி மற்றவர்களுக்குச் சொல்லின. அவசர ஊர்தியை ஓட்டுபவருக்கு என்ன உரிமை என்பதை 2017 ஜூனில் வந்த மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள்தாம் விளக்கமாக வகுத்தன.

அவற்றின்படி தீயணைப்பு வண்டிக்கு முதலிடம். அடுத்து ஆம்புலன்ஸ், அதன்பின் காவல் வாகனம். சைரனும் சுழல்விளக்கும் இயங்க, மிக அவசரமான நிலையில், ஓட்டுநர் சிவப்பு விளக்கைத் தாண்டலாம். வேக வரம்பை மீறலாம். சாலையின் ஓரப்பகுதியிலும் நுழைவுத் தடையுள்ள வழியிலும் செல்லலாம். இவை எல்லாவற்றுக்கும் உரிய கவனமும் பொறுப்பும் நிபந்தனை. ஆகவே உரிமை வண்டிக்கு அல்ல, அந்த நேரத்து அவசரத்துக்கே. நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும் வெற்று ஆம்புலன்ஸ், சாலையில் மற்றெந்த வண்டியையும் போன்றதுதான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இவ்விதியின் அருமையும் ஆபத்தும் சேர்ந்தே தெரியும். மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கமிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் வண்டி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கி.மீ. கடக்க வேண்டும். கடைத்தெருவையும் கோயில் திருவிழாக் கூட்டத்தையும் தாண்டும் இடங்களில் சைரன் மட்டும் போதாது. வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். விடுமுறை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை சுற்றுலாக் கார்களால் நிரம்பும். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலோ சிக்கல் வேறு. நடுவே தடுப்புச் சுவர் இருப்பதால், விபத்து மறுபக்கம் நடந்திருந்தால் திரும்புமிடம் வரை போய்த்தான் வர வேண்டும். எதிர்த்திசையில் நுழைந்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் எதிரே முழு வேகத்தில் வரும் லாரிக்காரர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். விதிவிலக்கு இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விடுவதே சில வேளைகளில் சரியான முடிவு. 2008 செப்டம்பர் 15 முதல் தமிழகத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் சேவையில் ஓட்டுநரைப் ‘பைலட்’ என்கிறார்கள். நொடிகளில் இப்படிப்பட்ட முடிவை எடுப்பவர் அவர்தாம்.

விபத்து நேர்ந்தால் சைரன் கேடயமாகாது. பொதுச்சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவிலும், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது 106ஆம் பிரிவிலும் குற்றம். 2024 ஜூலை 1க்கு முன் இவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளில் இருந்தன.

முக்கியப் பிரமுகர்களின் கார்களில் இருந்த சிவப்புச் சுழல்விளக்கு 2017 மே 1 முதல் நீக்கப்பட்டது. உயிர்காக்கும் வண்டியின் அடையாளம் பதவியின் அடையாளத்தோடு கலந்துகிடந்ததைப் பிரித்த நல்ல முடிவு அது.

அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கான தண்டனையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 194இ பிரிவாகச் சேர்த்தது: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் தமிழக அரசு உயர்த்திய அபராதப் பட்டியலிலும் இக்குற்றத்துக்கு 10,000 ரூபாய்தான். ஆம்புலன்சின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு சிக்னலைத் தாண்டும் காருக்கோ பைக்குக்கோ எந்த விலக்கும் கிடையாது. சைரன் கேட்டால் பதறித் திடீரென்று பிரேக் போடாதீர்கள். இண்டிகேட்டர் காட்டி இடப்பக்கம் ஒதுங்குங்கள்.